உலக ஆபத்து ஒரு வீட்டுக்குள் எப்படி நுழைகிறது? ஒரே தாளில் வரைந்து பார்க்கும் முறை

2010 ஜனவரி 12 அன்று ஹைட்டியில் 7.0 அளவில் நிலநடுக்கம் வந்தது. ஆறேழு வாரம் கழித்து, பிப்ரவரி 27 அன்று, சிலியில் 8.8 அளவில் இன்னொன்று. இந்த அளவுகோலில் ஒவ்வொரு எண் கூடும்போதும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும் என்பதால், சிலியில் பூமி குலுங்கியது ஹைட்டியைவிட ஏறக்குறைய ஐந்நூறு மடங்கு ஆற்றலோடு. ஆனால் சிலியில் இறந்தவர்கள் ஐந்நூற்றுச் சொச்சம் பேர். ஹைட்டியில் ஒரு லட்சத்துக்கும் மேல் என்பது பரவலான மதிப்பீடு, அந்நாட்டு அரசின் கணக்கோ மூன்று லட்சத்தைத் தாண்டியது.

ஹைட்டி நிலநடுக்கம் தலைநகரத்துக்கு மிக அருகில், ஆழம் குறைவான இடத்தில் வந்தது என்பது உண்மைதான், அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனால் அது மட்டுமே காரணம் இல்லை. 1960-இல் 9.5 அளவில் அடி வாங்கிய சிலி, அதற்கப்புறம் கட்டட விதிகளைத் திரும்பத் திரும்ப இறுக்கிக்கொண்டே வந்தது, முக்கியமாக அவற்றை நடைமுறைப்படுத்தவும் செய்தது. ஹைட்டியின் தலைநகரான போர்ட்-ஓ-பிரின்ஸில் மக்களைக் கொன்றது பெரும்பாலும் அவர்கள் தலைமேல் இருந்த கான்கிரீட்.

இந்த இரண்டு தேதிகளும்தான் என்னை இந்த முறைக்குக் கொண்டுவந்தன. போர், தொற்றுநோய், வெள்ளம், பஞ்சம், கடல் மட்டம் என்று தினமும் வரும் செய்திகளைப் படித்துவிட்டு மனம் கனத்து உட்கார்ந்திருப்பதைவிட, ஒரு ஆபத்தை எடுத்து அது எந்த வழியாக நடந்து வந்து ஒரு குடும்பத்தைத் தொடுகிறது என்று வரைந்து பார்ப்பது எவ்வளவோ மேல். ஒரு தாள், ஒரு பேனா, ஒரு மணி நேரம் போதும். மாணவர்கள், ஆசிரியர்கள், குடியிருப்போர் சங்கம் நடத்துகிறவர்கள், யாரும் செய்யலாம்.

முதலில் பெயரை வாக்கியமாக்குங்கள்

தாளின் மேலே "பருவநிலை மாற்றம்" என்றோ "போர்" என்றோ எழுதினால் அடுத்த வரி வராது. அது வெறும் பெயர். அதை ஒரு முழு வாக்கியமாக எழுதுங்கள்: என்ன நடக்கும், அதன் எதிரே நிற்பது யார், அவர்களால் ஏன் தாங்க முடியாது. உதாரணமாக, "கடல் மட்டம் உயர்ந்து நிலத்தடி நீரில் உப்பு ஏறுவதால், வேறு குடிநீர் வாங்க வசதியில்லாத கடலோரக் குடும்பங்கள் உப்புத் தண்ணீரையே குடித்து நோயாளி ஆகிறார்கள்." இதில் மூன்று துண்டு இருக்கிறது பாருங்கள். கடல் உயர்வது இடர். கடலோரத்தில் குடியிருப்பது எதிரே நிற்பது. மாற்று நீர் இல்லாதது நலிவு. மூன்றில் ஒன்று விடுபட்டாலும் வாக்கியத்தைத் திரும்ப எழுதுங்கள். பலரும் விட்டுவிடுவது மூன்றாவதை, ஏனென்றால் முதலிரண்டும் செய்தியில் படமாக வரும், நலிவு படத்தில் விழாது.

நலிவு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். பருவநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு 2022-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2010 முதல் 2020 வரை வெள்ளம், வறட்சி, புயல் ஆகியவற்றால் நேர்ந்த உயிரிழப்பு, மிக நலிந்த பகுதிகளில், நலிவு மிகக் குறைவான பகுதிகளைவிட 15 மடங்கு அதிகம்.

ஏழு கட்டம் போடுங்கள்

தாளின் அடிப்பகுதியில் வரிசையாக ஏழு கட்டம்: பொருளாதாரம், உணவு, உடல்நலம், சுற்றுச்சூழல், தனிமனிதப் பாதுகாப்பு, சமூகம், அரசியல். இது என் கண்டுபிடிப்பு இல்லை. பாகிஸ்தானைச் சேர்ந்த பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக் வழிநடத்திய 1994-ஆம் ஆண்டின் ஐ.நா. மனித மேம்பாட்டு அறிக்கை சொன்ன பட்டியல். அதுவரை பாதுகாப்பு என்றால் எல்லை, ராணுவம், ஆயுதம். ஒரு தாய்க்கு நாளை பிள்ளைக்குச் சோறு கிடைக்குமா என்ற கவலையும் பாதுகாப்புப் பிரச்சினைதான் என்று அந்த அறிக்கை எடுத்துச் சொன்னது, முப்பது வருடத்துக்கு அப்புறமும் அதைவிட நல்ல பட்டியலை நான் பார்க்கவில்லை.

உங்கள் ஆபத்து கடைசியில் எந்தக் கட்டத்தில் வந்து இறங்குகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒன்றில் நிற்காது. கொரோனா உடல்நலக் கட்டத்தில் தொடங்கியது. ஊரடங்கில் தினக்கூலி போனதும் பொருளாதாரம், கூலி போனதும் உணவு. உச்சத்தில் உலகம் முழுக்க 150 கோடிக்கும் அதிகமான மாணவர்கள் பள்ளிக்கு வெளியே இருந்தார்கள். வீட்டுக்குள் அடைபட்ட பெண்கள் மீதான வன்முறை கூடியது, அது தனிமனிதப் பாதுகாப்பு. ஒரே கிருமிதான், அது ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு கட்டத்தில் போய் விழுந்தது.

அம்புக்குறி: இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்

மேலே வாக்கியம், கீழே ஏழு கட்டம். நடுவில் என்ன நடக்கிறது என்பதைச் சின்னச் சின்னப் பெட்டிகளாகப் போட்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அம்பு வரையுங்கள். ஒரு உதாரணத்தை முழுதாகச் செய்து காட்டுகிறேன்.

2022 பிப்ரவரி 24, ரஷ்யா உக்ரைனுக்குள் படையோடு நுழைந்தது. உலகச் சந்தைக்கு ஏற்றுமதியாகும் கோதுமையில் கால் பங்குக்கும் மேல் இந்த இரண்டு நாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது, சூரியகாந்தி எண்ணெயில் இன்னும் பெரிய பங்கு. கருங்கடல் துறைமுகங்கள் அடைபட்டன. முதல் அம்பு: துறைமுகத்திலிருந்து விலைக்கு. அடுத்த மாதமே ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பின் உணவு விலைக் குறியீடு அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. இது எல்லோருக்கும் தெரிந்த பாதை.

இன்னொரு பாதை அவ்வளவாகக் கண்ணில் படாதது. தழைச்சத்து உரம் அம்மோனியாவிலிருந்து வருகிறது, அம்மோனியா செய்ய இயற்கை எரிவாயு வேண்டும். எரிவாயு விலை ஏறியதும் ஐரோப்பாவில் பல உரத் தொழிற்சாலைகள் உற்பத்தியைக் குறைத்தன, சில மூடின. ரஷ்யாவே பெரிய உர ஏற்றுமதி நாடு வேறு. உரம் விலை ஏறினால், உக்ரைன் கோதுமையைக் கண்ணால்கூடப் பார்க்காத ஒரு விவசாயி, வேறு கண்டத்தில், தன் வயலுக்குப் போடும் உரத்தைக் குறைப்பார். அந்த அம்பு அடுத்த அறுவடையில்தான் போய்த் தைக்கும்.

அதனால்தான் சொல்கிறேன், ஒவ்வொரு அம்பின் மேலும் நேரத்தை எழுதுங்கள். "இரண்டு நாள்", "ஆறு வாரம்", "ஒரு பருவம்", "முப்பது வருடம்". விலை அம்பு வாரங்களில் வந்தது, உர அம்புக்கு மாதங்கள் ஆகும். இந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் அவகாசம். நேரம் எழுதாத படத்தை வைத்துக்கொண்டு எதையும் திட்டமிட முடியாது.

இன்னும் ஒன்று. ஒரு சங்கிலிக்குள் வேறொரு சங்கிலி வந்து முட்டும் இடங்களைத் தேடுங்கள். லெபனான் தன் கோதுமையில் பெரும்பகுதியை உக்ரைனிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தது. அதோடு 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகத்தில் நடந்த வெடிவிபத்து அந்நாட்டின் முக்கியமான தானியக் களஞ்சியத்தைச் சிதைத்துவிட்டிருந்தது, பணத்தின் மதிப்பும் ஏற்கெனவே சரிந்திருந்தது. துறைமுகத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்து வெடித்த அம்மோனியம் நைட்ரேட் என்ற வேதிப்பொருளுக்கும் உக்ரைன் போருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது, இரண்டும் ஒரே குடும்பத்தின் ரொட்டியில் வந்து சந்தித்தன. வரையாமல் இதைப் பிடிப்பது கடினம்.

மனிதர்களின் பயத்துக்கும் ஒரு பெட்டி போடுங்கள். 2007-08-இல் உலகச் சந்தையில் அரிசி விலை சில மாதங்களில் ஏறத்தாழ மூன்று மடங்கானது. உலக விளைச்சல் அப்போது நன்றாகவே இருந்தது. ஏற்றுமதி நாடுகள் தங்களுக்குப் போதாதோ என்று அஞ்சித் தடை போட, வாங்கும் நாடுகள் பதறி அவசரமாக அதிகம் வாங்க, விலை தானாக ஏறியது. இடர் என்று எதுவுமே இல்லாத இடத்தில்கூட, தனித்தனியாகப் பார்த்தால் நியாயமாகத் தெரியும் முடிவுகள் சேர்ந்து ஒரு நெருக்கடியை உண்டாக்கிவிடும்.

அம்பு திரும்பி வருகிறதா?

இயற்கைக்குத் தனித் தாள் எடுக்காதீர்கள். ஒரே தாளிலேயே வையுங்கள், அப்போதுதான் வளையம் தெரியும். மத்திய ஆசியாவில் உள்ள ஏரல் கடலை எடுங்கள். ஒரு காலத்தில் உலகின் நான்காவது பெரிய ஏரி. 1960-களிலிருந்து சோவியத் அரசு பருத்தி விளைச்சலுக்காக ஆமு தரியா, சிர் தரியா என்ற இரண்டு ஆறுகளின் நீரையும் வாய்க்கால்களில் திருப்பிவிட்டது. ஏரி சுருங்கியது, மிச்சத் தண்ணீரில் உப்பு ஏறியது, மீன் செத்தது, மீனவர்களின் வேலை போனது. இது கீழே இறங்கும் அம்பு. அப்புறம் காய்ந்த ஏரிப்படுகையிலிருந்து உப்பும் பூச்சிமருந்தும் கலந்த புழுதி கிளம்பி, சுற்றியிருந்த ஊர்களின் நுரையீரலுக்கும், எந்த வயலுக்காக ஆற்றைத் திருப்பினார்களோ அதே வயலுக்கும் வந்து சேர்ந்தது. பெரிய நீர்ப்பரப்பு போனதால் சுற்றுப்புறத்தில் கோடை இன்னும் சூடானது, குளிர்காலம் இன்னும் குளிர்ந்தது. இப்படி மேலே திரும்பிப் போகும் அம்பைச் சிவப்பு மையில் போடுங்கள். சிவப்பு அம்பு உள்ள பிரச்சினை தானாக வளரும், காத்திருந்தால் குறையாது.

அந்த வளையத்தை வெட்ட முடியும் என்பதற்கும் அதே இடம் சாட்சி. கஜகஸ்தான் பக்கம் 2005-இல் கொக்கரால் அணை கட்டி முடித்ததும் ஏரியின் வடக்குப் பகுதியில் நீர் மட்டம் உயர்ந்தது, உப்பு குறைந்தது, மீன் திரும்பி வந்தது. தெற்குப் பகுதியின் பெரும்பங்கு இன்று பாலைவனம்.

சங்கிலியின் மெலிந்த கண்ணியைத் தேடும் விதம்

படம் தயாரா? சரி. இப்போது ஒவ்வொரு பெட்டியிலும் விரலை வைத்து ஒரே கேள்வி: "இது இந்த இடத்தில் நின்றுபோக என்ன இருந்திருக்க வேண்டும்?"

2011 மார்ச் 11, ஜப்பான் கடலடியில் 9.0 அளவு நிலநடுக்கம். ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையம் நிலநடுக்கத்தைத் தாங்கியது, உலைகள் தானாக நின்றன. அப்புறம் வந்த ஆழிப்பேரலை தடுப்பைத் தாண்டி உள்ளே புகுந்தது. அவசர டீசல் ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவை கீழ்த்தளத்தில் இருந்தன, மூழ்கின, உலைகளைக் குளிர்விக்க மின்சாரம் இல்லாமல் போயிற்று. அங்கிருந்து வடக்கே ஓனகாவா அணுமின் நிலையம் நிலநடுக்க மையத்துக்கு இன்னும் பக்கத்தில் இருந்தது, அதன்மேலும் சுமார் 13 மீட்டர் உயர அலை வந்தது. ஆனால் அது கடல் மட்டத்திலிருந்து 14 மீட்டருக்கும் மேலே கட்டப்பட்டிருந்தது, ஏனென்றால் திட்டமிடும்போது யனோசுகே ஹிராய் என்ற பொறியாளர் பழைய ஆழிப்பேரலைகளை நினைவில் வைத்து உயரத்தைக் குறைக்கக் கூடாது என்று விடாப்பிடியாக நின்றார். அவர் 1986-இலேயே காலமாகிவிட்டார். 2011-இல் வீடிழந்த அக்கம்பக்கத்து மக்கள் நூற்றுக்கணக்கில் வந்து தங்கியது அந்த அணுமின் நிலையத்துக்குள்தான்.

மெலிந்த கண்ணி பெரும்பாலும் இப்படிச் சலிப்பூட்டும் இடத்தில்தான் இருக்கும். ஜெனரேட்டர் எந்த மாடியில் இருக்கிறது, அணையை யார் பார்த்துக்கொள்கிறார்கள், சங்கு ஊதுகிறதா. 2023 செப்டம்பரில் லிபியாவின் டெர்னா நகரத்துக்கு மேலே இருந்த இரண்டு அணைகளும் ஒரே இரவில் உடைந்து ஆயிரக்கணக்கானோர் கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டார்கள். 1970-களில் கட்டிய அணைகள், பல வருடம் பராமரிப்பில்லை. முந்தைய வருடமே ஒரு நீரியல் ஆய்வாளர் எச்சரித்து எழுதியிருந்தார்.

பணக்கார நாட்டில் இதெல்லாம் நடக்காது என்று யாராவது சொன்னால் 2021 ஜூலையை நினைவுபடுத்துங்கள். ஜெர்மனியில் 180-க்கும் மேற்பட்டோர் வெள்ளத்தில் இறந்தார்கள், பெரும்பாலோர் ஆர் ஆற்றுப் பள்ளத்தாக்கில். ஐரோப்பிய வெள்ள எச்சரிக்கை மையம் சில நாள் முன்னதாகவே எச்சரிக்கைகளை அனுப்பியிருந்தது. அந்த எச்சரிக்கை அலுவலகங்கள் வரை வந்தது, அங்கிருந்து படுக்கையறைகளுக்குப் போகவில்லை. ஜின்ட்ஸிஷ் ஊரில் மாற்றுத்திறனாளிகள் இல்லம் ஒன்றில் மட்டும் 12 பேர் இரவில் மூழ்கி இறந்தார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. உங்கள் படத்தில் "எச்சரிக்கை" என்று ஒரே பெட்டி இருந்தால் அதை நான்காக உடையுங்கள்: கண்டுபிடிப்பது, சொல்வது, காதில் விழுவது, எழுந்து போக முடிவது. நான்காவது பெட்டியில்தான் நடக்க முடியாதவர்கள், தனியாக இருக்கும் முதியவர்கள், மொழி தெரியாதவர்கள் இருக்கிறார்கள்.

எண்களை எப்படி எடுத்துக்கொள்வது

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உலகப் பொருளாதார மன்றம் ஆண்டுதோறும் வெளியிடும் ஆபத்துத் தரவரிசை நிபுணர்களிடமும் தலைவர்களிடமும் கருத்துக் கேட்டுத் தயாரிப்பது. அவர்கள் எதைப் பார்த்துக் கவலைப்படுகிறார்கள் என்பதை அது சொல்கிறது, அது நடக்கும் வாய்ப்பை அளந்து சொல்வதில்லை. பேரிடர் இழப்பைப் பணத்தில் சொன்னால் பணக்கார நாடுகள் பெரிதாகத் தெரியும், உயிரில் சொன்னால் ஏழை நாடுகள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

அறிவிப்புகளை நம்பிக் காத்திருக்காதீர்கள். பஞ்சம் என்று அறிவிக்க ஒரு பகுதியில் ஐந்தில் ஒரு குடும்பம் கடும் உணவின்மையிலும், குழந்தைகளில் 30 சதவீதம் தீவிர ஊட்டச்சத்துக் குறைவிலும், பத்தாயிரம் பேருக்கு நாளொன்றுக்கு இருவர் சாகும் நிலையும் இருக்க வேண்டும். அதாவது அந்தச் சொல் வரும்போது பலர் ஏற்கெனவே இறந்திருப்பார்கள். சோமாலியாவில் 2010 பிற்பகுதியிலேயே எச்சரிக்கை வந்தது, பஞ்சம் என்ற அறிவிப்பு 2011 ஜூலையில் வந்தது, மொத்தம் சுமார் 2,58,000 பேர் இறந்ததாக ஆய்வு கணக்கிட்டது, அதில் பாதிக்கும் மேல் ஐந்து வயதுக்குக் கீழான குழந்தைகள். 2017-இல் அதே நாட்டில் மீண்டும் மழை பொய்த்தபோது உதவி முன்கூட்டியே போனது, பஞ்சம் தவிர்க்கப்பட்டது.

மெதுவாக வருபவை

நேரம் எழுதிய அம்புகளில் "பல வருடம்" என்று இருப்பவற்றைத் தனியாக வட்டமிடுங்கள், ஏனென்றால் இவற்றுக்குச் செய்தித் தலைப்பு கிடைக்காது. சார்லஸ் டேவிட் கீலிங் 1958-இல் ஹவாயின் மௌனா லோவாவில் அளக்கத் தொடங்கியபோது காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்குச் சுமார் 315 பங்கு. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு அடங்காத கிருமிகளால் 2019-இல் மட்டும் நேரடியாக 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பீடு. நிலத்தடி நீர், மண் வளம், பூச்சியினங்கள் குறைவது எல்லாம் இந்த வகைதான். இவற்றுக்கு "எப்போது நடக்கும்" என்று கேட்பதில் பயனில்லை. "எந்த அளவைத் தாண்டினால் திரும்ப முடியாது" என்று எழுதுங்கள்.

பேனாவை வைத்த பின்

பல கண்ணிகள் உங்கள் கைக்கு எட்டாது. எட்டுபவை, சேர்ந்தால் எட்டுபவை, அரசால் மட்டுமே முடிபவை என்று மூன்று நிறத்தில் பிரியுங்கள்.

கைக்கு எட்டுபவை சின்னவைதான். ஆவணங்களின் நகல் தண்ணீர் புகாத உறையில், சில நாளுக்கான குடிநீர், மருந்து, எந்த எச்சரிக்கைக்கு எங்கே போவது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருப்பது. மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடாமல் இருப்பது.

சேர்ந்தால் எட்டுபவற்றில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். வங்காள விரிகுடாவில் 1970 நவம்பரில் வந்த போலா புயல் மூன்று முதல் ஐந்து லட்சம் பேரைக் கொன்றது. அதன்பின் வங்கதேசத்தில் புயல் முன்னெச்சரிக்கைத் திட்டம் தொடங்கியது, ஊருக்கு ஊர் தன்னார்வலர்கள், கொடி, ஒலிபெருக்கி, சைக்கிள். உடனே சரியாகிவிடவில்லை. 1991-இல் மறுபடி சுமார் 1,40,000 பேர் இறந்தார்கள், ஆண்களைவிடப் பெண்கள் மிக அதிகமாக. புகலிடங்கள் போதாமல் இருந்தன, போய்த் தங்கப் பெண்கள் தயங்கும்படியும் இருந்தன. அதற்கப்புறம் புகலிடங்கள் பெருகின, பெண்களுக்குத் தனி இடம் வந்தது, இன்று அந்தத் திட்டத்தின் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்களில் பாதி பெண்கள். 2020-இல் ஆம்பன் புயல் வந்தபோது, கொரோனாவுக்கு நடுவிலும், 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். வங்கதேசத்தில் உயிரிழப்பு சில பத்துகளில் நின்றது. உங்கள் தெருவில் எழுந்து போக முடியாதவர்கள் யார், அவர்களை யார் கூட்டிக்கொண்டு போவது என்று ஒரு பட்டியல் எழுதுவது இதே வேலையின் முதல் படி.

மூன்றாவது நிறம் பெரியது, மெதுவானது, ஆனால் நடக்கிறது. குளிர்பதன வாயுக்கள் ஓசோனைச் சிதைக்கும் என்று மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974-இல் சொன்னார்கள். 1985-இல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் படலம் மெலிந்திருப்பது தெரிந்தது, 1987-இல் மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பின்னர் எல்லா ஐ.நா. உறுப்பு நாடுகளும் அதில் சேர்ந்தன. படலம் மெல்ல ஆறிக்கொண்டிருக்கிறது, முழுதாக ஆற இந்த நூற்றாண்டின் நடுப்பகுதி தாண்டும். பதின்மூன்று வருடம் இரண்டு வேதியியலாளர்கள் தொழில் நிறுவனங்களின் எதிர்ப்பைத் தாங்கி நின்றதும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி. இந்த நிறத்துக் கண்ணிகளுக்கு நீங்கள் செய்யக்கூடியது கேட்பதுதான்: அணை கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது, அறிக்கையைப் பார்க்கலாமா, பராமரிப்புக்கு ஒதுக்கிய பணம் எங்கே. வாக்குக் கேட்டு வருகிறவரிடம் எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

கடைசியாக, தாளின் மூலையில் இன்றைய தேதியைப் போடுங்கள். மெலிந்த கண்ணி ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதைச் சரிசெய்ய வேண்டியவர் அல்லது துறையின் பெயரை எழுதுங்கள், உங்கள் பெயராக இருந்தாலும் சரி. ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்த்து, முடிந்த வேலையை அடித்துவிட்டு, முடியாததற்கு அந்தப் பெயருக்குரியவரை மறுபடி போய்ப் பாருங்கள்.